பெயரும் முகமும்: எழுதுவது யார்?

'பேருக்கேற்ற ஆள்' என்று எங்கள் ஊர்களில் சொல்வார்கள். புகழ்ச்சியாகவும் சொல்வார்கள், நக்கலாகவும் சொல்வார்கள். ஆறடி உயரத்தில் ஒரு சின்னத்தம்பியையும் கறுத்த ஒரு வெள்ளையம்மாவையும் கண்டு சிரித்த அதே ஊர், பெயருக்கும் ஆளுக்கும் இடையில் ஏதோ ஒரு பொருத்தம் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே வைத்திருந்தது. எண்சாத்திரக்காரரின் பிழைப்பு இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. சூரிச்சிலும் பேர்ணிலும் பிறக்கும் பிள்ளைகளுக்கும் ஓர் எழுத்தைக் கூட்டி ஓர் எழுத்தைக் குறைத்துப் பெயர் பார்ப்பது எம்மத்தியில் தொடர்கிறது. நல்ல பெயர் வைத்தால் பிள்ளைக்கு முகக்களை வரும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கைக்கு இப்போது விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்துவிட்டது போன்ற ஒரு தோற்றம் உருவாகியிருக்கிறது. 2017இல் யொனற் ஸ்வெப்னர், றூத் மேயோ முதலிய உளவியல் ஆய்வாளர்கள் இஸ்ரேலிலும் பிரான்சிலும் செய்த பரிசோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத ஒருவரின் புகைப்படத்தைக் காட்டி, நாலைந்து பெயர்களையும் கொடுத்து, இவற்றில் இவருடைய பெயர் எது என்று கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைக்கக்கூடியதை விடக் கூடுதலான தடவைகள் சரியான பெயரையே மக்கள் தெரிவு செய்தார்கள். ஏறத்தாழ 94,000 முகப்படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட கணினியும், இரண்டு பெயரில் ஒன்றைத் தெரிவு செய்யும் சோதனையில், 54 முதல் 64 வீதம் வரை சரியாகச் சொன்னது. 2024இல் வெளியான தொடர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வளர்ந்தவர்களின் முகத்துக்கும் பெயருக்கும் காணப்படும் இப்பொருத்தம் சிறுவர்களின் முகங்களில் இல்லை. சிறுவர்களின் படங்களைக் கணினி மூலம் முதுமைப்படுத்திப் பார்த்தபோதும் அது தோன்றவில்லை. எனவே, முகத்தைப் பார்த்துப் பெற்றோர் பெயர் வைக்கிறார்கள் என்ற விளக்கம் அடிபட்டுப் போகிறது. வருடக்கணக்கில் அந்தப் பெயரைச் சுமந்து வாழ்ந்ததன் பின்னரே முகம் பெயரை நோக்கி நகர்கிறது.

இதைப் பத்திரிகைகள் ஒரு வரியில் சுருக்கின: பெயர் முகத்தை மாற்றுகிறது. எமது விமர்சனம் இந்த ஒரு வரியைப் பற்றியது. அகதிகளாக வந்து, வேறொரு மொழியின் நாவுக்கும் வேறொரு அரசின் பத்திரங்களுக்கும் எமது பெயர்களை ஒப்புக்கொடுத்து வாழும் எமக்கு இது வெறும் சுவாரசியமான செய்தி அல்ல. பெயர் தனியே நின்று எதையும் செய்வதில்லை. ஒருவர் இன்னொருவரை அழைக்கும்போதுதான் அது உயிர்பெறுகிறது. அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே உள்ள அதிகார உறவைக் கழித்துவிட்டுப் பெயரை மட்டும் பார்த்தால், விஞ்ஞானம் என்ற பெயரில் எண்சாத்திரத்துக்கே திரும்பிப் போகிறோம்.

ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

மேற்படி ஆய்வுக்கு உள்ளேயே மூன்று செய்திகள் உள்ளன. பத்திரிகைகள் அவற்றை அதிகம் கவனிக்கவில்லை. முதலாவது, பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு முகங்களுக்கும் இஸ்ரேலியர் இஸ்ரேலிய முகங்களுக்கும் சரியான பெயரைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பண்பாட்டினருக்கு மற்றப் பண்பாட்டின் பெயர்களில் அந்தத் திறமை இருக்கவில்லை. ஒரு பெயரைக் கேட்டவுடன் இப்படிப்பட்ட ஆள் என்று ஒரு சமூகம் பொதுவாக மனதில் வரைந்து வைத்திருக்கும் படம்தான் இங்கு தொழிற்படுகிறது என்பது இதன் பொருள். இரண்டாவது, தலைமயிரின் அமைப்பை மட்டும் காட்டியபோதும் பொருத்தம் தெரிந்தது. தலைமயிர் எலும்பைப் போன்றதல்ல. நாம் வெட்டுவதும் வளர்ப்பதும் வாருவதும் எமது தெரிவு. அந்தத் தெரிவின் பின்னால் மற்றவர் எம்மை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. மூன்றாவதே எமக்கு முக்கியமானது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரை விட்டு முழுக்க முழுக்கச் செல்லப்பெயரால் மட்டுமே அழைக்கப்பட்டு வந்தவர்களிடம், பதிவுப் பெயருக்கும் முகத்துக்குமான பொருத்தம் காணப்படவில்லை.

அதாவது, பத்திரத்தில் கிடக்கும் பெயர் முகத்தைத் தொடுவதில்லை. வாயால் அழைக்கப்படும் பெயரே தொடுகிறது. இந்த இடத்தில் ஆய்வு நின்றுவிடுகிறது. அழைப்பது யார், எந்தத் தோரணையில் அழைக்கிறார், மறுத்துப் பேசும் உரிமை அழைக்கப்படுபவருக்கு உண்டா என்ற கேள்விகளை அது எழுப்பவில்லை. ஒரே சமூகத்துக்குள், ஒரே மொழிக்குள், ஏறத்தாழச் சமமானவர்களின் பெயர்களைக் கொண்டு செய்யப்பட்ட பரிசோதனையில் இக்கேள்விகள் எழாமற் போவதில் ஆச்சரியமில்லை. எமது வாழ்வில் இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வீட்டில் 'ராசன்', பள்ளிக்கூடப் பதிவில் வேறொன்று, வேலைத்தலத்தில் இன்னொன்று என மூன்று பெயரோடு வாழும் ஒருவரின் முகம் எந்தப் பெயரை நோக்கி நகர்கிறது என்று எந்தக் கணினியிடம் கேட்பது?

சூரிச்சில் ஒரு பழைய கதை

முகத்தைப் படிக்கும் ஆசைக்குச் சுவிஸ் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. சூரிச்சின் புனித பேதுரு தேவாலயத்தில் போதகராக இருந்த யொஹான் காஸ்பர் லவாற்றர் (1741–1801), 1775 தொடக்கம் 1778 வரை நான்கு பாகங்களில் வெளியிட்ட முகக்குறி நூலில், மூக்கையும் நெற்றியையும் தாடையையும் கொண்டு மனிதரின் ஒழுக்கத்தை அளந்துவிடலாம் என்று வாதிட்டார். ஐரோப்பாவின் படித்த வர்க்கம் அதைப் பெரும் ஆவலோடு படித்தது. அதே காலத்தில் லிஷ்ரன்பேர்க் என்ற ஜேர்மன் விஞ்ஞானி இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

லவாற்றர் முகத்திலிருந்து ஒழுக்கத்துக்குப் போனார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்கள் பெயரிலிருந்தே ஒழுக்கத்துக்குப் போனார்கள். கூர் நகரின் வால்ட்ஹவுஸ் மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த யோசப் யோர்கர், 1905இல் ஒரு யெனிஷ் குடும்பத்தின் பல தலைமுறைகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். யெனிஷ் என்போர் இந்நாட்டின் நாடோடி மரபினர். அந்தக் குடும்பத்தின் உண்மைப் பெயரை மறைத்து அவர் இட்ட புனைபெயர் 'சீரோ', அதாவது பூச்சியம். ஒரு குடும்பத்துக்குப் பூச்சியம் என்று பெயர் வைத்த பிறகு அதன் பிள்ளைகளின் முகத்தில் என்னத்தைத் தேடுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குறைபாடு பரம்பரையாக வருகிறது என்ற இந்தச் சிந்தனை பின்னர் நிறுவனமாகவே மாறியது. 1926 முதல் 1973 வரை 'புறோ யுவென்றூற்ற' அமைப்பு 'வீதியின் பிள்ளைகள்' என்ற திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 600 யெனிஷ் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்து விடுதிகளிலும் அந்நியக் குடும்பங்களிலும் வளர்த்தது. அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று எவரும் பார்க்கவில்லை. எந்தக் குடும்பப் பெயரில் பிறந்தது என்பதே போதுமாக இருந்தது. 1972இல் ஒரு சஞ்சிகை இதை வெளிக்கொணர்ந்த பின்னரே திட்டம் நின்றது. 1986இல் சுவிஸ் ஜனாதிபதியாக இருந்த அல்போன்ஸ் எக்லி மன்னிப்புக் கேட்டார். 2025இல் சமஷ்டி அரசு, இன்றைய சர்வதேசச் சட்டத்தின்படி இது மானுடத்திற்கு எதிரான குற்றம் என ஒப்புக்கொண்டது. அவ்வாறு பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருவரான மரியெல்லா மேர் (1947–2022) பின்னாளில் எழுத்தாளராகி, தனக்கும் தன் மக்களுக்கும் நேர்ந்ததை எழுதினார்.

இந்தக் கதையை இங்கு சொல்வதற்குக் காரணம் உண்டு. பெயருக்கும் முகத்துக்கும் தொடர்பு உண்டு என்ற கண்டுபிடிப்பு அப்பாவித்தனமானதல்ல. அந்தத் தொடர்பை யார் ஏற்படுத்தினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால், அது இயற்கையிலேயே இருப்பதாகத் தோன்றும். இயற்கையிலேயே இருப்பதாகத் தோன்றுவதை நியாயப்படுத்த எவரும் சிரமப்பட வேண்டியதில்லை.

எமது பக்கம்

ஆனால் சுவிஸ்காரரைக் குற்றம்சாட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பெயரால் ஒருவரின் நிமிர்வையும் குனிவையும் தீர்மானிக்கும் கலையில் யாழ்ப்பாணத்துச் சாதிய சமூகம் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதாக இருக்கவில்லை. ஒரே முருகக் கடவுளின் பெயர் ஒரு வீட்டில் கந்தப்பிள்ளையாகவும் கந்தையாவாகவும், மற்றொரு குடிசையில் கந்தனாகவும் நின்றது. பிள்ளை, ஐயா என்ற ஈறு ஒருவருக்கு உரிமை, மற்றவருக்கு மறுப்பு. வயதில் மூத்தவரை, பேரப்பிள்ளை கண்டவரை, உயர்சாதிச் சிறுவன் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அந்த முதியவர் அச்சிறுவனை 'நயினார்' என்றார். அழைப்புக்குத் தக்கபடியே உடலும் பழக்கப்பட்டது. தோளிலிருந்த சால்வை இடுப்புக்கு இறங்கியது, முதுகு வளைந்தது, கண் நிலத்தைப் பார்த்தது. கே. டானியலின் (1927–1986) நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த உடல்மொழியை விளக்கத் தேவையில்லை. ஆய்வாளர்கள் புகைப்படம் எடுக்க வந்திருந்தால் அங்கும் பெயருக்கும் முகத்துக்கும் பொருத்தம் கண்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பொருத்தத்தை உண்டாக்கியது கந்தன் என்ற ஒலியல்ல. அதே ஒலி கோவிலில் கடவுளின் பெயராக இருந்தபோது எவரும் குனிந்து போகவில்லை, கும்பிட்டார்கள்.

மற்றோர் உதாரணம் கல்வியோடு தொடர்புடையது. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்த மாணவர் பலருக்கு, அவர்களின் படிப்புச் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் இடப்பட்டன. அச்செமினறியில் படித்தவர்களே ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் தாமோதரம்பிள்ளையும் (1832–1901) சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பரி என்ற பெயரைச் சிலகாலம் சுமந்தவரே. பின்னர் சைவராகவே நின்று, தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையாகத்தான் தமிழுலகம் அவரை அறிந்தது. அவருடைய மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகி, தகப்பன் கழற்றிய பெயரை எடுத்து பிரான்சிஸ் கிங்ஸ்பரி (1873–1941) ஆனார். அவரும் தமிழறிஞராகவே வாழ்ந்தார். ஒரே பெயர் தகப்பனுக்கு உபகாரச் சம்பளத்தோடு வந்த சுமையாகவும் மகனுக்குத் தானே தேடிக்கொண்ட விசுவாசமாகவும் இருந்திருக்கிறது. அந்நியப் பெயர் ஆளை அந்நியமாக்கிவிடும் என்று எச்சரிப்போர், இந்தத் தகப்பனையும் மகனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் எந்த மொழியில் இருந்தது என்பதைவிட, அதை ஏற்கவும் கழற்றவும் அவர்களுக்கு இருந்த சுதந்திரம் எவ்வளவு என்பதே முடிவைத் தீர்மானித்தது.

பெயர் உயிரைத் தீர்மானித்த நாட்களையும் நாம் கண்டிருக்கிறோம். 1983 யூலையில் கொழும்பில் பெயரைக் கேட்டார்கள், நெற்றியைப் பார்த்தார்கள். பெண்கள் பொட்டை அழித்தார்கள். பெயரை மாற்றிச் சொல்லத் துணிந்தவர்கள் முகத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, ஒரே மொழி பேசிய அயலவரைப் பெயரை வைத்தே பிரித்தார்கள். பெயர் கேட்பவரின் கையில் ஆயுதம் இருக்கும்போது முகம் என்னவாகும் என்பதை அறிய எமக்கு ஆய்வுகூடம் தேவையில்லை.

பத்திரத்தில் ஏறிய பாட்டன்

இனி, இங்குள்ள நிலைமைக்கு வருவோம். இந்நாட்டில் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 50,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், அவ்வளவுதான். சுவிஸ் படிவத்திலோ இரண்டு பெட்டிகள்: முதற்பெயர், குடும்பப் பெயர். கந்தையாவின் மகன் சிவகுமார் என்று ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அகதி விண்ணப்பம் எழுதிய நாளில் எந்தப் பெயர் எந்தப் பெட்டிக்குள் விழுந்ததோ அதுவே விதியாயிற்று. கந்தையா குடும்பப் பெயரானால், அலுவலகத்திலும் வைத்தியசாலையிலும் அவர் 'ஹெர் கந்தையா'. ஊரில் இறந்துபோன தகப்பனை இங்குள்ள ஒவ்வொரு கருமபீடத்திலும் கூப்பிடுகிறார்கள், மகன் எழுந்து போகிறார். அவருடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் 'கந்தையா' என்கிறார்கள். அவள் காணாத பாட்டனின் ஆண் பெயர் அது. பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் பெயரன் என்றும் பேரன் என்றும் தமிழில் சொல் வந்தது. அந்த மரபில் பாசம் இருந்தது. இங்கே அதையே படிவத்தின் பெட்டி செய்து முடிக்கிறது. அண்ணனுக்குத் தகப்பன் பெயரும் தம்பிக்குத் தன் பெயரும் குடும்பப் பெயராகப் பதியப்பட்டு, கூடப்பிறந்தவர்கள் என்று நிரூபிக்க அலைந்த குடும்பங்களும் எம்மத்தியில் உண்டு.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. 2012 முடியும்வரை சுவிஸ் சட்டத்தில் மணமுடித்தால் கணவனின் பெயரே குடும்பத்தின் பெயர் என்பது பொது விதியாக இருந்தது. 1988இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், மனைவி தன் பழைய பெயரை முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகையை மட்டும் கொடுத்தது. இதிலுள்ள பாரபட்சத்தை 1994இல் ஸ்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் கண்டித்ததும் ஓர் ஆணின் வழக்கில்தான். மனைவியின் பெயரைக் குடும்பப் பெயராக ஏற்ற பேர்க்கார்ட்ஸ் என்பவர், தன் பெயரையும் முன்னால் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மறுக்கப்பட்டிருந்தார். 2013 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அவரவர் தம் பெயரை வைத்துக்கொள்வதே பொது விதி. எமது பெண்களுக்கு இதனால் விடுதலை கிடைத்துவிட்டதா? தகப்பன் பெயரிலிருந்து கணவனின் தகப்பன் பெயருக்கு மாறுவதைச் சட்டம் இன்று கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கலியாண அழைப்பிதழிலும் சங்க ஆண்டறிக்கையிலும் 'திருமதி இன்னார்' என்று கணவன் பெயராலேயே பெண்ணைக் குறிப்பிடும் வழக்கத்தைச் சுவிஸ் அரசு எம்மீது திணிக்கவில்லை. பெண்ணின் சொந்தப் பெயரை எவரும் உச்சரிக்காத ஒரு வட்டத்தில் அவளுடைய சுயபிம்பம் எந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு வளரும் என்பதை எமது ஆண் நண்பர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒலியின் கதையும் உண்டு. எமது பெயர்கள் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஆங்கில முறையில் எழுதப்பட்டு, அந்த எழுத்தோடு இங்கு வந்து ஜேர்மன் முறையில் படிக்கப்படுகின்றன. ஜெயந்தி 'யெயந்தி' ஆகிறாள், வசந்தி 'பசந்தி' ஆகிறாள். ஞானம் என்பவர் 'க்னானம்' ஆகிறார். இரண்டு அந்நிய எழுத்துமுறைகளுக்கு நடுவில் பெயரின் உயிர் நசிகிறது. இதன் பின் இயல்பாக வருவது வெட்டு. றெஸ்ரோரன்ற் சமையலறையில் முழுப்பெயருக்கு நேரமில்லை. சிவகுமாரும் சிவநேசனும் சிவபாலனும் 'சிவா' ஆகிறார்கள். இதைச் சிநேகமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வயதில், பிள்ளைகள் பெற்ற பின், இரண்டு எழுத்தால் அழைக்கப்பட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பிப் பழகிய ஒருவரின் முகத்தில் அந்தச் சிரிப்பு தங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்த பின்னும் அதைக் கழற்றி வைக்க அவருக்கு நேரமெடுக்கிறது. பெயர் எழுதிய முகம் என்று இதைச் சொல்லலாம் என்றால், எழுதிய கை எது என்பதையும் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒட்டிய படம்

இரண்டாம் தலைமுறையினருக்கு மொழிப் பிரச்சினை இல்லை. அவர்களின் சுவிஸ்-ஜேர்மன் பிசகில்லாதது. ஆனாலும் பெயர் அவர்களுக்கு முன்பாகப் போய்க் கதவைத் தட்டுகிறது. இந்நாட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது புகைப்படமும் சேர்ப்பது நீண்டகால வழக்கம். பெயரும் முகமும் ஒரே தாளில் முதலாளியின் மேசைக்குப் போகின்றன. 2003இல் நொய்சாத்தல் நகரின் குடிபெயர்வு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த றொசிற்றா பிபி, பூலன்ற் காயா, எற்றியன் பிகே ஆகியோர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். இங்கேயே படித்த, ஒரே தகைமையுள்ள இளைஞர்களின் விண்ணப்பங்களைப் பெயராலும் பூர்வீகத்தாலும் மட்டும் வேறுபடுத்தி அனுப்பிப் பார்த்தபோது, கொசோவோ அல்பானியப் பெயருக்குக் கதவு அதிகமாக மூடியது. 2021இல் சூரிச் தொழில்நுட்ப உயர்கல்லூரி ஆய்வாளர்கள் சுவிஸ் அரசின் வேலைதேடும் இணையத்தளத்தில் ஆட்சேர்ப்பாளரின் நடத்தையைப் பதிந்து பார்த்தார்கள். குடியேறியவர்களும் சிறுபான்மை இனத்தவரும், பூர்வீக நாட்டைப் பொறுத்து, 4 முதல் 19 வீதம் குறைவாகவே தொடர்புகொள்ளப்பட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னும் வேலை முடியும் நேரத்திலும் இந்தப் பாரபட்சம் கூடியது. களைப்பும் பசியும் வரும்போது, தகைமையை வாசிக்கும் பொறுமை போய், பெயரும் முகமும் தரும் சுருக்கப் படம் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

முதலில் பார்த்த முக ஆய்வோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மற்றவர் மனதிலுள்ள படம் வருடக்கணக்கில் முகத்தில் இறங்குமானால், கூப்பிடப்படாமற் போனவர்களின் முகத்திலும் அது இறங்கும். பத்தாவது விண்ணப்பத்துக்கும் பதிலில்லை என்றால், அந்த இளைஞன் கண்ணாடியில் தேடுவது தன் பிழையை. தலைமயிரை மாற்றுகிறான், தாடியை எடுக்கிறான், ஈற்றில் பெயரைச் சுருக்குகிறான். இதை அவனுடைய தாழ்வுச் சிக்கல் என்று எமது பெரியவர்கள் கண்டிப்பது எளிது. முதலாளியின் மேசையில் நடந்ததை அவனுடைய மனநோயாக மாற்றிவிடும் கண்டனம் அது.

பிள்ளைக்கு என்ன பெயர்?

எம்மத்தியில் இரண்டு தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, சுவிஸ் நாவுக்கு இலகுவான, ஐரோப்பியப் பெயர் போல ஒலிக்கும் இரண்டசைப் பெயர். மற்றது, எவர் நாவுக்கும் வளையாத தூய தமிழ்ப் பெயர். முன்னதைச் சொல்பவர்கள் பிள்ளையின் வேலையை நினைக்கிறார்கள், பின்னதைச் சொல்பவர்கள் இனத்தின் தொடர்ச்சியை நினைக்கிறார்கள். இரண்டு கவலையும் நியாயமானவை. ஆனால் இரு தரப்பும் பெயரை ஒரு தாயத்தாகவே பார்க்கின்றன. இலகுவான பெயரோடு போகும் பிள்ளையின் குடும்பப் பெயரும் படமும் விண்ணப்பத்தில் இருக்கத்தான் செய்கின்றன. தூய பெயரோடு போகும் பிள்ளையை வகுப்பில் எவரும் முழுதாக அழைப்பதில்லை என்றால், அந்தப் பெயர் அவளுக்குத் தமிழையல்ல, தன் பெயரைக் கேட்கும்போதெல்லாம் கூச்சத்தையே கற்றுக்கொடுக்கும். ஐம்பது வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஒருவர் தன் வடமொழிப் பெயரைத் தமிழாக்கிக்கொண்டபோது அது அவருடைய தெரிவாக இருந்தது. பிறந்த அன்றே இன்னொருவரின் கொள்கையை நெற்றியில் எழுதிவிடுவது வேறு காரியம்.

செய்யக்கூடியவை சில உண்டு. சிறியவை, ஆனால் கையில் உள்ளவை. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் பிள்ளையின் பெயரைப் பிழையாகச் சொன்னால், மொழி தெரியாத தாயும் தகப்பனும் அதை மட்டுமாவது திருத்திச் சொல்லலாம். நான்கு அசை கொண்ட இத்தாலியப் பெயரையும் போலந்துப் பெயரையும் சொல்லப் பழகிய நாவு எமது பெயருக்கும் பழகும். வேலைத்தலத்தில் முழுப்பெயரைக் கேட்டு வாங்குவது வேலை நேரத்தையும் சம்பளத்தையும் கேட்டு வாங்குவதைப் போன்ற உரிமைதான். தொழிற்சங்கக் கூட்டத்தில் இதை எழுப்புவது சிறுபிள்ளைத்தனமல்ல. பெயர் மாற்றம் கேட்போரிடம் முன்பு 'முக்கிய காரணம்' கேட்ட சிவில் சட்டத்தின் 30ஆம் பிரிவு, 2013இலிருந்து 'மதிக்கத்தக்க காரணம்' போதும் என்கிறது. பெட்டி மாறி விழுந்த பெயரைத் திருத்த விரும்புவோர் அந்த வழியைப் பயன்படுத்தலாம். வளர்ந்த பிள்ளை தன் பெயரை மாற்ற விரும்பினால், அதைத் துரோகமாகப் பார்க்காமல், எந்த அழைப்பிலிருந்து தப்ப விரும்புகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

எமது வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. பெயரைக் கேட்ட அடுத்த மூச்சில் 'ஊரிலை எவடம், ஆற்றை பகுதி?' என்று கேட்டு, பதிலுக்கேற்ப முகத்தை மலர்த்துவதும் சுருக்குவதும் பாஸலிலும் லுசேர்ணிலும் நின்றுவிடவில்லை. சுவிஸ் முதலாளி எமது பெயரைப் படித்துவிட்டு முகம் திருப்புவதைப் பற்றிப் பேசும் அதே வாயால் நாமும் அதையே கேட்கிறோம். அந்தக் கேள்வியை எதிர்கொள்ளும் இளைஞனுக்கு இரண்டு மேசைகளுக்கும் இடையில் பெரிய வேறுபாடு தெரியப்போவதில்லை.

அழகான பெயர் அழகான முகத்தைத் தரும் என்று எவரும் உறுதி கூற முடியாது. மரியாதையோடும் முழுதாகவும் அழைக்கப்பட்டு வளரும் பிள்ளை தலை நிமிர்ந்து திரும்பிப் பார்க்கும் என்பதை மட்டும் சொல்லலாம். பெயரைத் தெரிவு செய்வதில் நாம் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையாவது, எப்படி அழைக்கிறோம், எப்படி அழைக்க விடுகிறோம் என்பதில் செலவிட வேண்டும். இங்கு பிறந்து வளர்ந்தவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்களே எழுதினால் இந்த விவாதம் முன்னகரும்.